நூலகத்தினுள் எழுந்த இசைமன்றம்
ஆண்ட்ரூ கார்னெகியின் வாழ்வும் கொடையும்

நூலகக் கூடமின்றி இலக்கிய வட்டம் இல்லை என்பதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசகர் எழுந்து சென்றபின் மேசைகளை ஓரமாக ஒதுக்கி, நாற்காலிகளை வரிசையாக இட்டு, நூலகர் விளக்கை அணைக்கும் வரையில் கவிதை படித்தும் பாட்டிசைத்தும் மகிழும் மாலைகள் எத்தனையோ ஊர்களில் நடந்தவண்ணம் உள்ளன. அப்படிப்பட்ட மாலைகளுக்கென்றே நூலகக் கட்டடத்தில் தனி இடம் ஒதுக்கியவர்களுள் முதன்மையானவர் இரும்பாலை அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி. அவர் நூலகங்கள் கட்டியதை உலகம் அறியும். அவற்றுள் சிலவற்றில் புத்தக அறைக்கு அடுத்த கதவைத் திறந்தால் இசையரங்கம் இருந்ததையும், அந்த அரங்கின் இருக்கைகள் யாருக்காகப் போடப்பட்டன, யாரால் அமர முடியாமற் போயிற்று என்பதையும் நாம் அவ்வளவாகப் பேசியதில்லை.

கார்னெகி 1835 நவம்பர் 25ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் கைத்தறி நெசவாளர். பூவேலைப்பாடு கொண்ட மேசைவிரிப்புத் துணிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. தறிக்காரர்கள் தம்மிடமிருந்த சில நூல்களை ஒன்றுசேர்த்துத் தமக்குள் ஒரு சிறு நூலகம் அமைத்துக்கொண்டனர். அதை அமைத்தவர்களுள் வில்லியமும் ஒருவர். பின்னாளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்த மகனுக்கு, நூலகம் என்ற எண்ணம் ஏழை நெசவாளர் வீட்டிலிருந்தே வந்தது. நீராவித் தறி வந்தது, கைத்தறி வீழ்ந்தது. 1848இல் குடும்பம் கடன் வாங்கிக் கப்பலேறி, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலகேனியில் குடியேறியது. பதின்மூன்று வயதுச் சிறுவன் பருத்தி ஆலையில் நூற்கண்டு மாற்றும் வேலைக்குப் போனான். வாரக்கூலி ஒரு டாலர் இருபது சென்ட். அடுத்துத் தந்தி நிலையத்தில் தந்தி கொண்டுசெல்லும் பையன். காகித நாடாவில் பதியும் புள்ளிகளையும் கோடுகளையும் பார்த்தே மற்றவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கருவியின் தட்டொலியைக் காதால் கேட்டே செய்தி எழுதும் திறமையை அவன் பெற்றான். செவி கூர்மையானது என்பதற்கு இதைக்காட்டிலும் சான்று வேண்டுமோ!

அவ்வூரில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் பெருமகனார் இருந்தார். தம் வீட்டிலிருந்த நானூறு நூல்களையும் உழைக்கும் சிறுவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் திறந்துவைத்தார். ஒரு நூலைக் கொண்டுபோய் அடுத்த சனிக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். பின்னர் அந்நூலகம் விரிவடைந்தபோது, கைத்தொழில் பழகும் சிறுவர்களுக்கு மட்டுமே கட்டணமில்லை, ஏனையோர் ஆண்டுக்கு இரண்டு டாலர் செலுத்த வேண்டும் என்று விதி செய்தனர். தந்திப் பையனுக்கு அது பெருந்தொகை. அவன் நாளிதழுக்குக் கடிதம் எழுதி வாதாடினான், விதி தளர்ந்தது. எழுத்தின் ஆற்றலை அவன் நேரிற் கண்ட முதல் தருணம் அதுவாகவே இருக்கவேண்டும். ஆண்டர்சனை அவர் மறக்கவில்லை. 1904இல் அலகேனி நூலகத்தின் முன் அப்பெருமகனாருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்.

இசை எங்கிருந்து வந்தது? தந்தை ஸ்வீடன்போர்கிய சபையைச் சார்ந்தவர். அலகேனியில் இருந்த அச்சபையின் சிறு ஆலயத்தில் பாடற்குழு உண்டு; ஆண்ட்ரூ அதில் சேர்ந்து பாடினான். நல்ல குரல் இல்லாவிடினும் ஆர்வத்தால் இடம் கிடைத்தது. செல்வம் சேர்ந்தபின் அவர் வழங்கிய முதல் ஆர்கன் இசைக்கருவி அந்த ஆலயத்துக்கே சென்றது. வாழ்நாள் முடிவதற்குள் 7,600க்கும் மேற்பட்ட ஆர்கன்கள் உலகெங்கும் ஆலயங்களுக்குச் சென்றன. சமயக் கோட்பாடுகளில் அவருக்குப் பற்று மிகக் குறைவு. போதகர் சொல்வதற்கெல்லாம் தாம் பொறுப்பேற்க இயலாது, ஆர்கன் சொல்வதற்கு ஏற்கலாம் என்ற வகையில் அவர் நினைத்தார். ஸ்காட்லாந்தில் வாங்கிய ஸ்கீபோ மாளிகையிலும் காலை உணவு ஆர்கன் ஒலியோடுதான்.

இரயில்வே ஊழியம், பாலம் கட்டும் நிறுவனம், இரும்பு, எஃகு என்று அவர் ஏறிய படிகள் பலரும் எழுதியவை. அவற்றை விடுத்துப் பிராடக் நகருக்கு வருவோம். 1875இல் அங்கே அவருடைய எட்கர் தாம்சன் எஃகாலை இயங்கத் தொடங்கியது. ஆலையை நடத்திய பில் ஜோன்ஸ் என்பார், களைத்த மனிதனால் நல்ல எஃகு செய்ய இயலாது என்று கண்டு எட்டு மணி நேர வேலைமுறையைக் கொண்டுவந்தார். 1888இல் நிருவாகம் அதைக் கைவிட்டு மீண்டும் பன்னிரண்டு மணி நேர முறையைத் திணித்தது. தொழிலாளர் எதிர்த்துத் தோற்றனர். அடுத்த ஆண்டே, 1889 மார்ச்சில், அதே தொழிலாளர்களுக்காக அமெரிக்காவின் முதல் கார்னெகி நூலகம் அங்கே திறக்கப்பட்டது. கட்டடத்தின் அடித்தளத்தில் குளியலறைகள். கரி படிந்த உடலோடு வருவோர் குளித்துவிட்டு மேலே சென்று படிக்கலாம், பில்லியர்ட்ஸ் ஆடலாம். வீட்டில் குழாய்நீர் இல்லாத குடும்பத்தாருக்கு அக்குளியலறையின் அருமை தெரியும். 1893இல் கட்டடம் இருமடங்காக விரிந்தது. 964 இருக்கைகள் கொண்ட இசையரங்கம், நீச்சற்குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் சேர்ந்தன. நூலகம் என்றால் பேச்சடங்கிய இடம் என்று கருதுவோர்க்கு இது வியப்பாக இருக்கும். புத்தகத்துக்காக வராதவன் பாட்டுக்காகவாவது வருவான், வந்தவன் கண்ணில் புத்தகம் படாமற் போகாது என்ற கணக்கு அதிலிருந்தது. வணிகரின் கணக்குத்தான், ஆயினும் நல்ல கணக்கு.

அலகேனி நூலகம் 1890இல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் முன்னிலையில் திறக்கப்பட்டது. அங்கேயும் இசைமன்றம், அங்கேயும் ஆர்கன், நகர மக்களுக்குக் கட்டணமின்றி இசைநிகழ்ச்சிகள். பிட்ஸ்பர்க் நகரவை அவர் 1881இல் தர முன்வந்த கொடையை ஏற்கவில்லை. நூலகத்தை வரிப்பணத்தால் நடத்த அன்று சட்டம் இடந்தரவில்லை. பிறகு வழி பிறந்து, 1895இல் நூலகம், அருங்காட்சியகம், ஓவியக்கூடம், இசைமன்றம் நான்கும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. ஃபிரெடெரிக் ஆர்ச்சர் என்னும் ஆர்கன் கலைஞர் அங்கே இலவச இசையரங்குகள் நிகழ்த்தினார். பிட்ஸ்பர்க் இசைக்குழுவின் முதல் நடத்துநரும் அவரே. விக்டர் ஹெர்பர்ட் 1898 முதல் 1904 வரை அக்குழுவை நடத்தினார். நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தை 1891இல் சைக்கோவ்ஸ்கி வந்து சிறப்பித்ததை இசை அறிந்தோர் அனைவரும் சொல்வர். எனக்கென்னவோ, கட்டணமில்லாத நூலக அரங்கில் மாலைப்பொழுதில் ஆர்கன் கேட்ட பெயர் தெரியாத மக்களே பெரிதாகத் தோன்றுகின்றனர்.

இனி ஹோம்ஸ்டெட். 1892இல் அங்கிருந்த ஆலையில் கூலிக் குறைப்பு. தொழிற்சங்கத்தை ஒழிப்பதென்ற முடிவு. கார்னெகி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். பொறுப்பு ஹென்றி ஃபிரிக்கிடம். ஆலையைச் சுற்றி வேலி எழுந்தது, கதவு அடைக்கப்பட்டது. ஜூலை 6ஆம் நாள் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் காவலர் முந்நூறு பேர் ஆற்று வழியே படகுகளில் வந்தனர். துப்பாக்கிகள் வெடித்தன, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பின்னர் மாநிலப் படை இறங்கியது, சங்கம் உடைந்தது. ஃபிரிக்கின் மேல் பழியைப் போட்டுக் கார்னெகியைத் தப்புவிப்பாருமுளர். சங்கத்தை ஒழிக்கும் திட்டத்துக்கு அவர் முன்னரே இசைவளித்திருந்தார் என்பதால் அவ்வாதம் நிற்காது. ஆறாண்டுகள் கழித்து, 1898இல், அதே ஊருக்கு நூலகம் வந்தது. ஆயிரம் பேரளவில் அமரத்தக்க இசையரங்கம், நீச்சற்குளம், வாத்தியக் குழு, இசை வகுப்பு, மன்றங்கள் கூடுதற்கு அறைகள். கொடுத்த கையை முத்தமிடுவதா, கூலியைக் குறைத்த கையை உதறுவதா? தொழிலாளருள் பலர் நூலகத்தைவிட நல்ல கூலி தந்திருக்கலாமே என்றனர். 1910இல் மார்கரெட் பயிங்டன் அவ்வூர்க் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஆய்வுநூல், உலையருகே பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குப் படிக்கும் தெம்பு எஞ்சுவதில்லை என்பதைக் காட்டுகிறது. மனைவியும் மக்களும் இசைநிகழ்ச்சிக்குச் செல்ல, ஆலைக்காரன் உறங்கினான். அல்லது இரவுமுறைக்குக் கிளம்பினான். அந்த அரங்கின் கதை இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது எனலாம். ஆயினும் அந்த மனைவியும் மக்களும் கேட்ட இசை பொய்யன்று. அதையும் கணக்கில் வைத்தே பேசவேண்டும்.

1901இல் தம் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்று ஓய்வு பெற்றார். உடனே 40 இலட்சம் டாலரைத் தொழிலாளர் உதவிநிதிக்கும், 10 இலட்சத்தை ஆலைநகர் நூலகங்களின் பராமரிப்புக்கும் ஒதுக்கினார். மற்ற ஊர்களுக்கு வேறு விதி: கட்டடம் அவருடையது, இடமும், கொடைத்தொகையில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கும் ஊராருடையவை. செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ரம் கண்டிப்பானவர். காலப்போக்கில் பெரிய இசைமன்றங்கள் மறைந்து, கீழ்த்தளத்தில் ஒரு சொற்பொழிவுக் கூடம் என்ற அளவில் திட்டங்கள் சுருங்கின. சிற்றூர்களின் மன்றங்களுக்கும் வட்டங்களுக்கும் அதுவே வாய்த்தது. பெர்ட்ரம் எழுதிய கடிதங்கள் சுருக்கிய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தன. ஆங்கில எழுத்துச் சீர்திருத்தத்துக்கு 1906இல் தனிக் கழகம் அமையக் கார்னெகி நிதியளித்திருந்தார். எழுத்துச் சீர்திருத்தம் பற்றி நம்மிடையே நிகழ்ந்த சண்டைகளை நினைவுகூர்வோர் இங்கே புன்னகைக்கலாம். அங்கே அம்முயற்சி தோற்றது.

1919 ஆகஸ்டு 11ஆம் நாள் மாசசூசெட்ஸில் கார்னெகி காலமானார். அவர் கொடையால் எழுந்த நூலகங்கள் 2,509. அலகேனிக் கட்டடத்தின் மணிக்கூண்டில் 2006இல் இடிவிழ, நூலகம் வேறிடம் சென்றது. இசைமன்றம் நாடக அரங்காக நின்றது. பிராடக் நூலகம் ஊர் நலிந்து 1974இல் மூடப்பட்டது. கூரை ஒழுகிற்று, இடித்துவிடலாம் என்றனர். கடைசி நூலகராயிருந்தவர் முன்னின்று அதைத் தடுத்தார். 1983இல் கதவு மறுபடி திறந்தபோது பயன்படுத்தத்தக்கதாக இருந்தது ஓர் அறைதான். குழந்தைகளுக்கான நூல்கள் அதில் அடுக்கப்பட்டன.