ஈரோட்டுச் சேர்மன்

விடியுமுன்னரே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் பாடுபட்டு, பொழுது சாய இறங்கி வருகிறார்கள் நம் தோழர்கள். உழைப்பு கேரளத்து மண்ணில். வீடும் ஓட்டும் போடியில். நகரசபை விவகாரம் நமக்கெதற்கு, அது மண்டிக்காரர்கள் சமாசாரம் என்று அவர்களில் சிலர் ஒதுங்கி நிற்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு இன்று ஒரு மண்டிக்காரரின் கதையையே சொல்லப்போகிறோம்.

1879 செப்டம்பர் 17இல் ஈரோட்டில் பிறந்தவர் ஈ.வெ.ராமசாமி. தந்தை வெங்கட்ட நாயக்கர் கூலி வேலையில் தொடங்கி, சிறு கடை வைத்து, பிறகு பெரும் வணிகரானவர். மகனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. 12 வயதில் கடைக்கு இழுத்துக்கொண்டார் தகப்பனார். மூட்டைகளுக்கு விலாசம் எழுதுவதும் சரக்கை ஏலம் கூறுவதும்தான் பையனுக்குக் கிடைத்த கல்வி. ஏலக்காய் மண்டியில் நிற்கும் போடித் தோழருக்கு இந்தக் கல்வி எத்தகையது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

ஈரோட்டில் பிளேக் பரவியது. வசதியுள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளை ராமசாமி ஓடவில்லை. தொடுவதற்கு ஆளில்லாமல் கிடந்த பிணங்களைத் தம் தோளில் சுமந்து அப்புறப்படுத்தினார். எந்தப் பதவியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஊர்க் காரியத்தில் அவர் முதலில் ஈடுபட்டது இப்படித்தான். நாற்காலி பிறகு வந்தது.

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் அவர் ஈரோடு நகரசபைச் சேர்மனாக இருந்தார். காவிரி பக்கத்திலேயே ஓடியும் நல்ல தண்ணீருக்கு ஊர் ஏங்கிக் கிடந்தது. ஆற்று நீரைக் குழாய் வழியே ஊருக்குள் கொண்டுவரும் வேலையை அவர் நிறைவேற்றினார். நெருக்கடியான கடைவீதியையும் அகலப்படுத்தினார். கடைக்காரர்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும்! அவரும் அவர்களில் ஒருவர்தானே. தேவஸ்தானக் கமிட்டிப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. சாமி நம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் ஊர்ப் பணம் ஊர்ப் பணமே என்று கணக்கைக் கறாராகப் பார்த்தார். அக்காலத்தில்தான் சேலத்துச் சேர்மன் ராஜகோபாலாச்சாரியாருடன் நட்பு உண்டாயிற்று. 1919இல், வகித்த 29 பதவிகளையும் உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார்.

பிறகு கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1921இல் கள்ளுக்கடை மறியலில் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் வீதிக்கு வந்தார்கள். 1924இல் வைக்கம். போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலமலை அந்நாளில் திருவிதாங்கூர் ராஜ்யம். அதே ராஜ்யத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக இருமுறை சிறை சென்றார். 1925இல் காங்கிரசைவிட்டு வெளியேறிச் சுயமரியாதை இயக்கம் கண்டார். 1944இல் திராவிடர் கழகம். அதன்பின் தேர்தலில் நிற்பதில்லை என்ற கொள்கையோடு வாழ்ந்து, 1973 டிசம்பர் 24இல் மறைந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை 94 வயதிலும் மேடையேறிப் பேசினார்.

அவருக்குப் பணமிருந்தது, பொழுதிருந்தது, நமக்கென்ன இருக்கிறது என்று தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாள் கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சேர்மனாயிருந்த நாளில் வரி கட்டுகிறவனுக்கே நகரசபை ஓட்டு. மூட்டை தூக்கியவனுக்கு அது கிடையாது. இன்றோ 18 வயதானவர் எல்லோருக்கும் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமாயிற்று. ஏலக்காய் பறிக்கும் தாய்மார்கள் கவுன்சிலராகத் தடையில்லை.

அந்த உரிமையும் சும்மா நிலைத்துவிடவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடக்கும்வரை, தமிழ்நாட்டு நகரசபை எதிலும் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. தனி அலுவலர்களே ஆண்டார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஐந்தாண்டுக்குமேல் அப்படி ஓடிற்று. எத்தனை ஊர்களில் தொழிலாளர்கள் கூடி இதைக் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

2022இல் வார்டுகளில் பகுதி சபை நடத்த அரசு விதி வகுத்தது. அதைப் பகலில் கூட்டினால் யார் வருவார்கள்? மண்டிக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் வருவார்கள். தோட்டத் தோழர் மலையில் இருப்பார். ஜீப்புகள் இறங்கியபின் இரவு ஏழு மணிக்கோ, வேலையில்லாத நாளிலோ சபையைக் கூட்டும்படி அந்தந்த வார்டுத் தோழர்கள் பத்துப்பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுக்கலாம். மனு எழுதத் தெரியாதவர்களுக்குக் கிளைச் செயலாளர் எழுதித் தரட்டும்.