றோஜர் வில்லியம்ஸ் என்னும் பெரியார்

அரசு எந்தச் சமயத்தையும் நிறுவலாகாது என ஐக்கிய அமெரிக்கா தன் அரசியலமைப்பில் விதித்தது 1791ஆம் ஆண்டிலாம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே அதனை அம்மண்ணில் நடத்திக் காட்டியவர் றோஜர் வில்லியம்ஸ் என்னும் கிறித்தவப் போதகர்.

இங்கிலாந்தின் மதக் கெடுபிடிக்கு ஆற்றாது கடல் கடந்த பியூரிற்றன் மக்கள், மாசச்சூசெற்சில் தாம் அமைத்த ஆட்சியிலும் அக் கெடுபிடியையே செய்தனர். திருச்சபை உறுப்பினருக்கே வாக்குரிமை. 1631இல் வந்திறங்கிய வில்லியம்ஸ், வழிபாட்டு விடயத்தில் நீதிவானுக்கு அதிகாரமில்லை என்றார். பழங்குடிகளின் நிலத்தை எடுக்க அரசனின் பட்டயம் போதாதென்றும் சாதித்தார். 1635இல் நாடுகடத்தல் தீர்ப்பாயிற்று.

மறுவருடம் கடும்பனியில் தப்பியவருக்குப் புகலிடம் தந்தோர் அப்பழங்குடிகளே. நரகன்செற் தலைவர்களிடம் நிலம் பெற்றுப் புறொவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவினார். அங்கே ஊராரின் முடிவு உலகியல் கருமங்களை மாத்திரமே கட்டுப்படுத்தும்.

இவர் சமயப்பற்றுக் குன்றியவரல்லர். அரசின் கை பட்டாற் சமயம் மாசுறும் என்றே அஞ்சினார். குவேக்கர் கொள்கை இவருக்கு அறவே ஒவ்வாது. பொஸ்ரனில் 1659 முதல் 1661 வரை குவேக்கர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். வில்லியம்ஸின் றோட் ஐலன்டிலோ அவர்கள் அச்சமின்றி வாழ்ந்தனர். 1672இல், எழுபதை அணுகிய முதுமையில், தாமே துடுப்பு வலித்து நியூபோட் நகர் சென்று அவர்களோடு நாட்கணக்காக வாதிட்டார். வாதத்துக்கு மேல் எதுவும் செய்தாரில்லை.

ஒரு கறையும் உண்டு, மறைத்தல் தகாது. 1676இல் போரிற் சிறைப்பட்ட பழங்குடியினரை அடிமை ஊழியத்துக்கு விற்ற குழுவில் இவரும் இருந்தார்.

1683இல் காலமானார். மாசச்சூசெற்ஸ் அந்த நாடுகடத்தல் ஆணையை நீக்கியது 1936இலேதான்.