காணாமல் போன மலைத்தொடரை அடையாளம் காட்டிய ஆர்தர் ஹோம்ஸ்.. யார் இவர்?

இமயமலை எழத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னாடியே கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய மலைத்தொடர் எழுந்து, தேய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. மிஞ்சியிருப்பது அதன் அடிப்பாறை மட்டும்தான். அதற்கு ‘மொசாம்பிக் பெல்ட்’ என்று பெயர் வைத்து உலகத்துக்கு அடையாளம் காட்டியவர் பிரிட்டன் நிலவியல் அறிஞர் ஆர்தர் ஹோம்ஸ்.

யார் இந்த ஆர்தர் ஹோம்ஸ்?

1890-ல் வடகிழக்கு இங்கிலாந்தில் பிறந்தவர் ஹோம்ஸ். லண்டனில் இயற்பியல் படிக்கப் போனவர், பாறைகள் மீது ஆர்வம் வந்து நிலவியல் பக்கம் திரும்பினார். யுரேனியம் ஒரே சீரான வேகத்தில் சிதைந்து ஈயமாக மாறும். ஒரு கனிமத்தில் இந்த இரண்டும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தால் அதன் வயதைக் கணக்கிட்டுவிடலாம். இந்த முறையில் நார்வே நாட்டுப் பாறை ஒன்றுக்கு சுமார் 37 கோடி ஆண்டுகள் என்று 1911-ல் வயது சொன்னார். அப்போது அவருக்கு வயது 21.

பூமிக்கே சில கோடி ஆண்டுகள்தான் வயது என்று லார்ட் கெல்வின் போன்ற பெரிய விஞ்ஞானிகள் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் இந்தக் கணக்கைப் பலரும் எளிதில் நம்பவில்லை.

மொசாம்பிக்கில் என்ன நடந்தது?

கையில் காசில்லை. அதனால் அதே 1911-ல் கனிமம் தேடும் வேலைக்காக மொசாம்பிக் போனார். எதிர்பார்த்த கனிமம் எதுவும் கிடைக்கவில்லை. மலேரியாதான் வந்தது. அவர் இறந்துவிட்டதாகவே ஊருக்குத் தகவல் போய்விட்டது. ஆனால் பிழைத்து வந்தார். வரும்போது அந்த ஊர்ப் பாறைகளைப் பற்றிய குறிப்புகளும் கூடவே வந்தன. அவற்றை வைத்து 1918-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

அடுத்தும் அடிதான். 1920-ல் எண்ணெய் நிறுவன வேலைக்காக பர்மா போனார். அங்கே அவருடைய சின்ன மகன் வயிற்றுக்கடுப்பு நோயில் இறந்துபோனான். நிறுவனமும் திவாலானது. வெறுங்கையோடு இங்கிலாந்து திரும்பியவர், கொஞ்ச காலம் நியூகாசிலில் கடை வைத்துக்கூட பிழைத்தார். 1924-ல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்த பிறகுதான் வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது.

கண்டங்களை நகர்த்துவது எது?

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வெகனர் சொல்லியிருந்தார். எந்த சக்தி நகர்த்துகிறது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. ஹோம்ஸ் ஒரு பதிலை முன்வைத்தார். கதிரியக்கத்தால் பூமிக்குள் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தில் உள்ளே இருக்கும் பாறை மெதுவாக மேலேறி, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி கீழே இறங்குகிறது. கண்டங்களை இழுத்துப் போவது இந்த ஓட்டம்தான் என்றார். 1931-ல் இது அச்சில் வந்தது. அன்றைக்குப் பெரும்பாலான நிலவியலாளர்கள் இதை ஏற்கவில்லை.

மறைந்த மலையைக் கண்டுபிடித்தது எப்படி?

மிகப் பழைய பாறைகளில் வயது சொல்ல உதவும் உயிரினப் படிமங்கள் கிடைக்காது. அதிக வெப்பத்தில் உருமாறிய பாறை என்றால் ரொம்பப் பழையது என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்திருந்தார்கள். ஹோம்ஸ் அந்த மூட்டையைப் பிரித்தார்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் மிகப் பழைய பாறைகளின் மடிப்புகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக இன்னொரு பாறைப் பட்டை போகிறது. வெட்டுவது எதுவோ அதுதான் இளையது. அப்படியானால் அது பின்னால் உருவான வேறொரு மலைத்தொடரின் மிச்சம். 1951-ல் வெளியான கட்டுரையில் அதற்கு ‘மொசாம்பிக் பெல்ட்’ என்று பெயரிட்டார்.

அந்த மலை உருவான கதை என்ன?

பிற்கால ஆய்வுகள் சொல்வது இதுதான். ஆப்பிரிக்காவுக்கும் அதன் கிழக்கே இருந்த நிலப்பகுதிகளுக்கும் நடுவே ஒரு பெருங்கடல் இருந்தது. அது சுருங்கச் சுருங்க, மாக்மா மேலேறி எரிமலைத் தீவுகள் உருவாகின. சுமார் 65 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடி, நிலங்கள் மோதின. கோண்ட்வானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தது. மோதலில் நிலத்தோடு தடித்தது. ஆழத்தில் சிக்கிய பாறை வெந்து உருமாறியது. ஒரு பகுதி உருகி கிரானைட்டாக உறைந்தது. அதன்பின் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் ஆறும் மேலே இருந்த மலையைக் கரைத்துக்கொண்டு போய்விட்டன. ஒருகாலத்தில் ஆழத்தில் கிடந்த பாறைதான் இன்று தரையில் தெரிகிறது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அன்று தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் அக்கம்பக்கத்தில்தான் இருந்தன. மதுரை, கொடைக்கானல் பகுதிப் பாறைகளும் இலங்கை மலைநாட்டுப் பாறைகளும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இதே மோதலில் வெந்து உருமாறியவை. தீபகற்ப இந்தியா, இலங்கைப் பாறைகளின் வயது பற்றியும் 1955-ல் ஹோம்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்.

1956-ல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஹோம்ஸ், 1965 செப்டம்பர் 20-ல் காலமானார். அடுத்த சில ஆண்டுகளிலேயே கண்டங்கள் நகர்வதை நிலவியல் உலகம் ஒப்புக்கொண்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் 21 வயதில் அவர் கையிலெடுத்த யுரேனியம், ஈயம் முறையைத்தான், பலமடங்கு துல்லியமாக, கொடைக்கானல் பாறைக்கு வயது சொல்ல இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.