மாருதி எஞ்சினில் பந்தயக் கார் செய்த கோவைக்காரர்



ஆட்டோமொபைல் பாடத்தில் சூப்பர்சார்ஜர் பற்றிப் படிக்கிறோம். படம் போட்டு, பாகம் குறித்து, மார்க் வாங்கி மறந்துவிடுகிறோம். பெரிய எஞ்சினும் லட்சக்கணக்கில் பணமும் இருந்தால்தான் பந்தயக் கார் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கோவை கரிவரதனைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அதனால்தான் அவரைப் பற்றி இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

முதலில் ஒரு கேள்வி. நம்ம திருத்தணி மலைக்கு 365 படி. இதை வேகமாக ஏற என்ன வழி? ஒன்று, நெஞ்சில் நிறைய மூச்சு வேண்டும். இல்லையென்றால் தோளில் சுமை குறைய வேண்டும். பந்தயக் காருக்கும் இந்த இரண்டே வழிதான்.

மூச்சைக் கூட்டும் வழிதான் சூப்பர்சார்ஜர். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சுகிற காற்றுதான் உள்ளே போகும். சூப்பர்சார்ஜர் என்பது கிராங்க் ஷாஃப்ட்டே சுழற்றுகிற ஒரு காற்றுப் பம்ப். அது காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், சக்தியும் கூடும். 1923-ல் இத்தாலியின் மோன்ஸாவில் ஃபியட் கார் ஜெயித்ததுதான் சூப்பர்சார்ஜர் வைத்த கார் பெற்ற முதல் கிராண்ட் பிரி வெற்றி.

ஆனால் இது சும்மா கிடைக்காது. பம்ப்பைச் சுழற்றவே எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். அழுத்திய காற்று சூடாகும், எஞ்சின் தட்டும். 4,398 சி.சி. பென்ட்லி காரில் ரேடியேட்டருக்கு முன்னால் இந்தப் பம்ப்பை மாட்டினார்கள். அதில் அந்த எஞ்சினை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கே விருப்பம் இல்லை. 1930-ல் பிரான்ஸின் போ நகரப் பந்தயத்தில் அந்தக் கார் இரண்டாவதாகத்தான் வந்தது. ஜெயித்தது அதைவிட மிகச் சிறிய, எடை குறைந்த புகாட்டி. அதிலும் சூப்பர்சார்ஜர் உண்டு. ஆக, மூச்சு இருந்தாலும் சுமைதான் கணக்கைத் தீர்க்கிறது!

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். நம்ம திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருஷம் பந்தயம் நடத்தியது. வசதியுள்ளவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்கி ஓட்டினார்கள். காசு இல்லாதவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

அந்த ஓடுதளத்தில் கார் ஓட்டியவர்களில் ஒருவர்தான் சுந்தரம் கரிவரதன். 1954-ல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். எல்லாரும் அவரைக் 'கரி' என்றே கூப்பிடுவார்கள். அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் காரை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ கோவையிலேயே சொந்தப் பட்டறை வைத்துப் பந்தயக் கார் கட்ட ஆரம்பித்தார்.

1983 கடைசியில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., 40 குதிரைசக்திகூடக் கிடையாது. இதை வைத்துப் பந்தயமா என்று யாரும் சிரிப்பார்கள். 1980-களின் பிற்பகுதியில் கரி அந்த எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி.

இதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனியுங்கள். மாருதியில் எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டாக முன்னால் இருக்கும். அதை அப்படியே தூக்கி ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின் சக்கரம் ஓடும், நீளமான புரொபெல்லர் ஷாஃப்ட் தேவையில்லை. எடை பின் சக்கரத்தில் அழுந்துவதால் பிடிப்பும் கூடும். கதவு, கூரை, பின் சீட் எதுவும் கிடையாது. ஸ்டீல் குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் கூடு, அவ்வளவுதான். மூச்சைக் கூட்டாமல் சுமையை இறக்கிவிட்டார்!

இன்னொரு லாபமும் உண்டு. அந்த எஞ்சினுக்கு ஸ்பேர் எந்த ஊர்க் கடையிலும் கிடைத்தது, எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். எல்லாரிடமும் ஒரே எஞ்சின் என்பதால் பணம் பேசாது, கை பேசும். பின்னாளில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன், 1990-களின் ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதியில்தான் பழகினார். 2005-ல் அவர் உலகப் பந்தயத்துக்குப் போனபோது, அதைப் பார்க்க கரி இல்லை.

1995 ஆகஸ்ட் 24-ல் சிறு விமான விபத்தில் கரி இறந்துபோனார். நாற்பதை ஒட்டிய வயசு. கோவை அருகே செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நண்பர்களே, மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் அந்த எஞ்சினை எத்தனையோ ஒர்க்ஷாப்புகளில் இன்றும் பார்க்கலாம். டிப்ளமாதானே என்று நம்மை நாமே குறைத்துக்கொள்கிறோம். கரி பணக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பந்தயக் காருக்கு எடுத்தது தெருவில் ஓடிய சின்ன எஞ்சினைத்தான். அது நமக்கும் எட்டுகிற பொருள்தானே! ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது, எதைச் சேர்க்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், எதை இறக்கி வைக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.