இருபது ஆண்டுக் கனவு

சிலமலை வயல்களில் காயும் வெயிலும், மேலே ஏலமலையில் மரநிழலைத் துளைத்துச் செடிகளைத் தொடும் ஒளியும் ஓர் ஊற்றிலிருந்தே பிறப்பவை. கதிரவனின் நடுவே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைகின்றன; அவ்விணைவில் வெளிப்படும் ஆற்றலே வெயிலாகிறது. அதனை மண்ணிலும் உண்டாக்க இயலும் என்று உலகறிய உரைத்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

அவர் 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் பிறந்தார். பொறியியல் பயிலக் கேம்பிரிட்ஜ் சென்றவரை இயற்பியல் ஈர்த்தது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையைக் கணக்கிட்டார். அது இன்றும் பாபா சிதறல் எனப்படுகிறது. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் துகள்மழையாகப் பெருகுவதை 1937இல் ஹைட்லருடன் இணைந்து விளக்கினார்.

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவர், போர் மூண்டதால் இங்கேயே தங்கினார். 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். 1948இல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார்.

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய அணுசக்தி மாநாட்டிற்குப் பாபா தலைமை தாங்கினார். வல்லரசுகள் இணைவு ஆய்வை மறைவாக நடத்திவந்த காலம் அது. இருபது ஆண்டுகளுக்குள் இணைவாற்றலைக் கட்டுப்படுத்தி வெளிப்படுத்தும் வழி புலப்படும் என அவர் அவையில் முன்மொழிந்தார். அன்று இந்தியாவில் ஓர் அணுஉலைகூட இயங்கவில்லை. முதல் உலையான அப்சரா மறு ஆண்டுதான் இயங்கத் தொடங்கியது. 1958இல் கூடிய இரண்டாம் மாநாட்டில் நாடுகள் தம் இணைவு ஆய்வுகளை வெளிப்படுத்தின.

1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங்க் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். அவர் குறித்த இருபது ஆண்டுகளும் கடந்தன, கனவு கைகூடவில்லை.

காரணம் இயற்கையின் கடுமை. லேசர்வழி இணைவில், டியூட்ரியமும் டிரிட்டியமும் அடங்கிய சிறுகுளிகையை நாற்புறமும் அழுத்தி, ஈயத்தினும் பன்மடங்கு அடர்த்தியாக்க வேண்டும். குளிர்ந்த வாயுவை அடக்குதல் எளிது. சூடேறியதை அடக்குதல் அரிது. லேசர் பாயும்போது பிறக்கும் அதிவேக எலக்ட்ரான்கள் எரிபொருளுக்குள் முந்திப் புகுந்து அதனைச் சூடாக்கிவிடின், அழுத்தம் முழுமை பெறாது, இணைவும் குன்றும்.

இத்தடைகளைக் கடந்து, 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலால் 3.15 மெகாஜூல் இணைவாற்றல் பெறப்பட்டது. எனினும் லேசரை இயக்கச் செலவான மின்னாற்றல் அதனினும் பன்மடங்கு. பாபா குறித்த காலம் தவறியது. காட்டிய திசை தவறவில்லை. எஞ்சிய தொலைவு இளையோருக்கு உரியது.