முள்கம்பியில் தந்தி அடித்த சிறுவன்

குழந்தைகளே! கரும்பலகையில் 'போடிநாயக்க' என்று எழுதி நிறுத்தினால், மிச்சத்தை நீங்களே 'னூர்' என்று முடித்துவிடுவீர்கள் அல்லவா? தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி எழுத்துகளில் புதுச் செய்தி ஒன்றுமில்லை. இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய கணக்கையே உருவாக்கியவர் கிளாட் ஷானன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1916 ஏப்ரல் 30 அன்று பிறந்து, கேலார்டு என்ற சிற்றூரில் வளர்ந்தார். அம்மா ஆசிரியை. வேலியில் கட்டியிருந்த முள்கம்பி வழியாகவே, அரை மைல் தள்ளியிருந்த நண்பன் வீட்டுக்குத் தந்தி அடித்தான் சிறுவன் ஷானன். (நம் ஊரில் செய்தால் தோட்டக்காரர் சும்மா விடமாட்டார்!)

1936-ல் கணிதம், மின்பொறியியல் இரண்டிலும் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, மின்சுவிட்சுகளைக் கொண்டே கணக்குப் போடலாம் என்று காட்டினார். அப்போது வயது 21! 1941-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் எல்லாரும் சுருக்கினார்கள். நம் தபால் நிலையங்களில் வாழ்த்துத் தந்திக்கு ஓர் எண்ணைச் சொன்னால் போதும்; போய்ச் சேரும் ஊரில் முழு வாழ்த்தாகத் தருவார்கள். (2013 ஜூலையில் தந்தி நின்றுவிட்டது. தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.) சரி, எதையும் இழக்காமல் எவ்வளவு தூரம் சுருக்கலாம்? 1948-ல் ஷானன் எழுதிய கட்டுரையில் விடை கிடைத்தது.

ஊகிக்க முடிவதில் செய்தி குறைவு. ஊகிக்க முடியாததில் அதிகம். பூவா தலையா போட்டுப் பாருங்கள். நல்ல காசை 100 முறை சுண்டினால், முடிவுகளைக் குறிக்க 100 'பிட்' வேண்டும். பிட் என்பது 0 அல்லது 1. சராசரியாகப் பார்த்தால் எந்தக் கில்லாடியாலும் அதைக் குறைக்க முடியாது. ஒரே பக்கம் அடிக்கடி விழும் கள்ளக் காசு என்றால் சுருக்கலாம். எவ்வளவு என்பதையும் அவர் சூத்திரம் சொல்லிவிடும். ஏலக்காய் உலர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் போகும்வரை எடை குறையும். அதற்கும் மேல் குறைக்க வேண்டுமானால் காயைத்தான் எடுக்க வேண்டும். செய்திக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. அதற்கு 'எண்ட்ரோபி' என்று பெயர்.

1951-ல் இன்னொரு சோதனையை வெளியிட்டார். ஆங்கில வரியை மறைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து எது என்று ஊகிக்கச் சொன்னார். 26 எழுத்துக்கும் இடைவெளிக்கும் சம வாய்ப்பு என்றால், எழுத்துக்கு 4.75 பிட் வேண்டும். ஆனால் ஏறக்குறைய 1 பிட்டே போதும் என்று தெரிந்தது! தமிழில் எப்படி? பாடப் புத்தகத்தை வைத்து நண்பனோடு விளையாடிப் பாருங்கள்.

ஷானனுக்கு விளையாட்டு என்றால் உயிர். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவார். பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பார். 1950-ல், புதிர்ப் பாதையில் வழி தேடி, கண்ட வழியை நினைவில் வைத்துக்கொள்ளும் இயந்திர எலியைச் செய்தார். மனைவி பெட்டியும் உதவினார். 1956-ல் எம்.ஐ.டி. பேராசிரியரானார். 1985-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு வந்தது.

கடைசிக் காலத்தில் அவரை மறதி நோய் பிடித்துக்கொண்டது. அவர் கணக்கை நம்பிச் செல்போனும் இணையமும் உலகெங்கும் பரவியபோது, அதை அறியும் நிலையில் அவர் இல்லை. 2001 பிப்ரவரி 24 அன்று, 84-ம் வயதில் காலமானார்.