லெனார்டு உல்ப் துரையின் இலங்கை வாசம்

கலாசாலைப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்ற வாலிபர் உத்தியோகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் இக்காலத்தில் நம் குடும்பங்களில் அருமையன்று. புறப்படுங்கால், வேண்டிய பொருள்களையெல்லாம் பெற்றோர் கட்டியனுப்புகின்றனர். சென்றவிடத்தில் அவர் பெறப்போகும் கல்வியை மாத்திரம் எவரும் முன்னரே கட்டியனுப்ப இயலாது. இதற்குத் தக்க உதாரணமாவது லெனார்டு உல்ப் என்னும் ஆங்கிலேயரின் சரித்திரம். அவர் இருபத்து நான்காம் வயதில் இலங்கையை ஆளச் சென்றார். ஆளுதலின் இயல்பை அறிந்து மீண்டார். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உல்ப் 1880-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி லண்டன் மாநகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற பாரிஸ்டர். அவர் 1892-இல் காலஞ்செல்லவே, ஒன்பது மக்களையுடைய அக்குடும்பம் செல்வநிலையினின்றும் தாழ்ந்தது. வசதியான மாளிகையை விட்டுச் சிறு வீட்டிற்குக் குடிபோக நேர்ந்தது. எனினும் உல்ப் உபகாரச் சம்பளங்களைக் கொண்டே கற்று, 1899-இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே மூர் என்னும் தத்துவ ஆசிரியரின் போதனையும் லிட்டன் ஸ்ட்ரேச்சி முதலியோரின் நட்பும் அவருக்குக் கிட்டின. எதனையும் ஐயுற்று ஆராய்ந்து, உண்மையென்று கண்டதையே ஒப்புக்கொள்ளும் பழக்கம் அக்கூட்டத்தில் அவருக்கு உண்டாயிற்று. பிற்காலத்தில் அவரை வருத்தியதும் உயர்த்தியதும் இப்பழக்கமேயாம்.

1904-இல் ஸிவில் ஸர்வீஸ் பரீட்சை எழுதினார். தாய்நாட்டில் நல்ல உத்தியோகம் பெறுதற்குரிய இடம் அதில் வாய்க்கவில்லை. ஆகவே இலங்கை ஸிவில் ஸர்வீஸை ஏற்றுக்கொண்டு, அவ்வாண்டின் இறுதியிற் கப்பலேறினார். வால்டேர் என்னும் பிரெஞ்சு ஞானியின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகளும், அருமையாய் வளர்த்த நாயொன்றுமே அவர் கொண்டு சென்றவற்றுள் முக்கியமானவை. டிஸம்பர் மாதம் கொழும்பிற் கரையிறங்கினார். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அப்பொழுது வடக்கே செல்லும் இருப்புப்பாதை முற்றுப்பெறவில்லை. அநுராதபுரம் வரையில் ரயிலிற் சென்று, அதற்கப்பால் காட்டு வழியே தபால் வண்டியிற் பிரயாணஞ் செய்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் மதிலையடுத்த பங்களாவில் வசித்துத் தமிழ் பயின்றார். முதலாண்டிலேயே விஷஜ்வரங் கண்டு வருந்தினார். உடல் தேறியபின், 1906-இல் மன்னார்ப் பகுதியிலுள்ள மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பை மேற்பார்க்க அனுப்பப்பட்டார். வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கென்று ஒரு நகரமே எழும்பிற்று. தமிழரும் அராபியரும் மூழ்கியெடுத்த சிப்பிகளுள் மூன்றிலொரு பங்கு மூழ்கினோர்க்குரியது. எஞ்சியவை ஏலத்தில் விற்கப்பட்டன. பல்லாயிரவர் கூடிய அவ்விடத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க உத்தியோகஸ்தர்களுடன் இரவும் பகலும் நின்று ஒழுங்கு காத்தார். ஆளுந்திறம் தமக்குண்டென்பதை அங்கே அவர் கண்டுகொண்டார்.

அவ்வாளுகை பிறர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றதென்பதையும் யாழ்ப்பாணமே அவருக்குக் காட்டிற்று. ஒருநாள் அவர் மேலதிகாரியுடன் குதிரைமீது வீதிவழியே சென்றார். வீதி எல்லையைக் கடந்து கட்டப்பட்ட திண்ணையொன்றைக் கையிலிருந்த சவுக்கினாற் சுட்டிக் காட்டினார். அவ்வழியே சென்ற தமிழ் வழக்கறிஞர் ஒருவர், துரை தம் முகத்தெதிரே சவுக்கை வீசி அவமதித்தாரென்று கருதினார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்தின் மூலமாகக் கவர்னர்வரையில் முறைப்பாடு சென்றது. உல்ப் தமக்கு அத்தகைய எண்ணமே இருந்ததில்லையென்று சமாதானம் எழுதினார். அது மெய்யே. ஆயினும் அவர் உள்ளம் அவ்வளவில் அமைதியுறவில்லை. சவுக்கு எவர்மேலும் படாதிருக்கலாம். அந்நியர் குதிரைமீதேறி ஒருவருடைய ஊரில் அவர் வீட்டுத் திண்ணையின் அளவைத் தீர்மானிப்பதே அவ்வூரார் முகத்தில் விழும் அடியன்றோ? முறைப்பாடு சொல்லளவிற் பிழையாயினும் பொருளளவிற் சரியென்பதை அவர் உணர்ந்தார். அதனைப் பல்லாண்டுகளுக்குப்பின் தம் நூலில் ஒளியாது எழுதினார். குற்றஞ்சாட்டினோர் பக்கத்திற் போய் நின்று தம்மைத் தாமே நோக்குதல் எத்துணைபேருக்கு இயலும்?

1907-இல் கண்டிக்கு மாற்றப்பட்டார். அங்கே போகம்பறைச் சிறையில் தூக்குத்தண்டனை நிறைவேறுங்கால் உடனிருந்து பார்ப்பதும் அவர் கடமையாயிற்று. அக்காட்சிகளை அவர் மிகவும் வெறுத்தார். வேலையிலோ குறையில்லை, வந்த கடிதத்திற்கு வந்த நாளிலேயே விடையெழுதவேண்டுமென்பது அவர் விதி. பதில் கவர்னராயிருந்த ஸர் ஹியூ கிளிபர்டு அவர் திறமையை வியந்து, 1908-இல் அம்பாந்தோட்டைப் பகுதிக்கு உதவி ஏஜெண்டாக உயர்த்தினார். அப்பொழுது உல்புக்கு வயது இருபத்தேழு. ஏறக்குறைய ஆயிரம் சதுரமைல் பரப்பும் இலக்ஷம் ஜனங்களுமுள்ள நாட்டிற்கு அவரே அதிபர், அவரே நியாயாதிபதி.

அவர் சிங்களமும் கற்று, காட்டுக் கிராமங்கள்தோறும் நடந்தும் குதிரைமீதும் சுற்றினார். உப்பளங்களின் நிர்வாகத்தைத் திருத்தினார். நாள்தோறும் கண்டதையும் செய்ததையும் தினசரிக் குறிப்பில் எழுதினார். அக்காலத்தில் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவிற்று. நோய்கண்ட மாடுகளையும் கட்டின்றித் திரியும் மாடுகளையும் சுடவேண்டுமென்பது சட்டம். தாமே துப்பாக்கி ஏந்திச் சுட்டார். எருமையையும் எருதையும் நம்பிப் பிழைக்கும் ஏழைக் குடியானவர் அவரை வெறுத்தனர். எஞ்சிய மாடுகளைக் காப்பதற்கே அங்ஙனஞ் செய்தாரெனினும், அதனை நம்பத்தக்க காரணம் அம்மக்களுக்கு ஏது? அவர்கள் இட்ட சட்டமன்றே அது! நன்மை செய்வதும் பிறர்மீது சுமத்தப்படுங்கால் கொடுமைபோலாகின்றதென்பதை உல்ப் கண்டார்.

நிற்க. 1911 மேமாதம் ஓராண்டு ரஜாவில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஸர்வீஸில் அவர் மேன்மேலும் உயர்வாரென்பதில் எவருக்கும் ஐயமில்லை. உயர உயரத் தம் மனத்துக்கு ஒவ்வாத தொழிலில் இறுகப் பிணிப்புண்போமென்பதை அவர் அறிந்திருந்தார். வர்ஜீனியா ஸ்டீபன் என்னும் பெண்மணியிடத்து அன்பும் உண்டாயிற்று. ரஜாவை நீட்டிக்க வேண்டினார். குடியேற்ற நாட்டுக் காரியாலயம் காரணங் கேட்டது. சொந்த விஷயமென்பதன்றி வேறொன்றும் விளக்க மறுத்து, 1912-இல் உத்தியோகத்தைத் துறந்தார். கையில் மிகுந்த பொருளில்லை, வேறு வேலையுமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி விவாகம் நடந்தேறிற்று. அப்பெண்மணியே பின்னர் உலகம் போற்றும் நாவலாசிரியையான வர்ஜீனியா உல்ப்.

1913-இல் உல்ப் எழுதிய நாவல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றின் அழிவைக் கூறுவது. துரைமாரின் சாகஸங்களுக்கு அதில் இடமில்லை. பசியும் கடனும் அதிகாரமும் நெருக்க நசியும் ஏழை வேட்டுவனே கதாநாயகன். 1915-ஆம் ஆண்டுக் கலகத்தை இலங்கை அரசாங்கம் அடக்கிய கொடுமைபற்றி விசாரணை வேண்டி லண்டன் வந்த இலங்கைப் பிரமுகர்களுக்கு அவர் துணைநின்றார். 1938-இல் தொழிற்கட்சியினருக்கு வரைந்த குறிப்பில், இலங்கையில் சிறுபான்மையோர்க்குப் பாதுகாப்பு வேண்டுமென்றும், ஸ்விட்ஸர்லாந்தைப்போன்ற கூட்டாட்சி முறையை ஆராயலாமென்றும் கூறினார். அதன் அருமை பின்வந்தோர்க்கு நன்கு விளங்கும்.

சுதந்தரம் பெற்ற இலங்கையை 1960-இல், எழுபத்தொன்பதாம் வயதில் மீண்டும் சென்று கண்டார். எங்கும் உபசாரம் நடைபெற்றது. அம்பாந்தோட்டைப் பகுதியில் முதியவர் ஒருவர் அவரை அணுகினார். அரை நூற்றாண்டுக்கு முன் வெக்கை நோய்க் காலத்தில் விதிகளை மீறியதாக உல்பினால் தண்டிக்கப்பட்ட ஊர்த்தலைவர் அவர். அத்தண்டனை நியாயந்தானோவென்று நேருக்கு நேர் வினவினார். ஐம்பதாண்டு அவர் நெஞ்சிற் கிடந்த வினா அது. அதனையும் உல்ப் தம் சுயசரிதையின் கடைசிப் பகுதியில் மறையாது பதிந்து வைத்தார். அவர் 1969 ஆகஸ்டு 14-ஆம் தேதி காலமானார்.

தூரதேசம் செல்லும் நம் வாலிபர்கள் எவரையும் ஆளச் செல்வோரல்லர். உழைத்துப் பொருளீட்டவே செல்வோர். ஆயினும் ஒரு காலத்தில் அவர்களுக்குக் கீழும் பிறர் வேலை செய்வர். அன்று தாம் ஏந்தும் சிறு கோலும் எதிரே நிற்பவருக்கு எவ்வாறு தோன்றுமென்று அவர்கள் ஒருகணம் நினைப்பாராயின், பெற்றோர் கட்டியனுப்ப இயலாத அக்கல்வியை அவர்களும் பெற்றோராவர்.